டேப் ஒன்று போதுமா? லேப்டாப்பும் வேண்டுமா?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கொண்டிருந்தபோது, இளைய மளிகை வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, கடை லேப்டாப் படுத்துவிட்டது. புதிதாக வாங்கினால் நாற்பதாயிரம் ஆகும் என்கிறார்கள். பதினைந்தாயிரத்துக்கு ஒரு டேப் வாங்கினால் போதாதா? பில் போடுவது, ஆர்டர் எடுப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது எல்லாமே அதிலேயே நடக்கிறதே?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. மளிகையில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் லாபம் பார்க்க எத்தனை மூட்டை சர்க்கரை விற்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டர் விற்பவரிடம் கேட்டால் இரண்டையும் வாங்கச் சொல்வார். அனுபவப்பட்டவன் சொல்வதுதான் நமக்கு உதவும் என்பதால், நான் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி, கடை லேப்டாப்பைத் துணி சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒரு காலாண்டு முழுவதும் டேப் ஒன்றிலேயே கடையை ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். செப்டம்பர் 21-ஆம் தேதி இரவு லேப்டாப்பை மறுபடி வெளியே எடுக்க நேர்ந்தது. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன்னால், டேபுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும்.

கல்லாவில் அதற்கு நிகர் இல்லை

மளிகைக் கடையின் முதல் எதிரி தூசி. மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில், பெரும்பாலான லேப்டாப்களின் உள்ளே சுழலும் விசிறி அந்தத் தூசியையும் சேர்த்து இழுக்கிறது. நாளடைவில் சூடாகி நின்றுவிடுகிறது. சாதாரண டேபில் விசிறியே கிடையாது. ஈரத்துணியைப் பிழிந்து துடைத்தால் போதும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாண் இடம் போதும். கரண்டு போனாலும் பல மணி நேரம் தாங்கும்.

புளூடூத் வசதியுள்ள இரண்டு அங்குல, மூன்று அங்குல பில் பிரிண்டர்கள் அதனுடன் நன்றாகவே ஒத்துப் போகின்றன. பார்கோடு ஸ்கேனரும் அப்படித்தான். ஸ்கேனர் பெரும்பாலும் ஒரு விசைப்பலகை போலவே எண்ணைத் தட்டிக் கொடுக்கிறது. அதற்கு டேபும் ஒன்றுதான், லேப்டாப்பும் ஒன்றுதான். குடோனுக்குள் கையோடு எடுத்துச் சென்று இருப்பு எடுக்கலாம். எங்கள் கடைப் பையன் லேப்டாப்பில் பில் போட ஒரு மாதம் தடுமாறினான். டேபில் அரை நாளில் கற்றுக்கொண்டான்.

ஆகவே, கல்லாவில் உட்கார்ந்து பில் போடுவது மட்டும்தான் கணக்கு என்றால் இந்தக் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம்.

கடை மூடிய பிறகு வரும் வேலை

2025 செப்டம்பர் 22 திங்கட்கிழமை முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, ஷாம்பூ, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தன. நெய், வெண்ணெய், பாதாம், பேரீச்சை போன்றவை 12-லிருந்து 5-க்கு வந்தன. துணி துவைக்கும் பவுடர் 18-லேயே நின்றது. விடிந்தால் புதிய வரியில் பில் போட்டாக வேண்டும்.

என் கடையில் சுமார் 1,400 சரக்குகள். வரி மாற வேண்டியவை நானூறுக்கு மேல். டேபில் நான் வைத்திருந்த செயலியில் ஒவ்வொரு சரக்காகத் திறந்து, வரியை மாற்றி, சேமித்து, வெளியே வர வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு ஆரம்பித்து பதினொன்றரைக்குள் எழுபது சரக்குகூட முடியவில்லை. விரல் தவறி, துணி பவுடருக்கும் 5 சதவீதம் போட்டுவிட்டேன். பிறகுதான் பீரோவைத் திறந்தேன். லேப்டாப்பில் சரக்குப் பட்டியல் முழுவதையும் எக்செல்லில் இறக்கி, வகை வாரியாகப் பிரித்து, ஒரே மூச்சில் மாற்றி ஏற்றி, சரிபார்த்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது அனுபவம் பணத்தையே தொட்டது. நாம் கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமானால், விற்றவர் தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும்; அது நம்முடைய 2-பி பட்டியலில் தெரிய வேண்டும். 2022 ஜனவரி முதல் இது கட்டாயம். மாதக் கணக்கு கொடுப்பவர்களுக்கு அந்தப் பட்டியல் அடுத்த மாதம் 14-ஆம் தேதி வருகிறது. ஜூலை மாதப் பட்டியலை நான் டேபில்தான் பார்த்தேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் அடுத்தடுத்து இரண்டு முறை எண்ணெய் எடுத்திருந்தேன்; இரண்டு பில்லும் ஒரே தொகை, தலா 1,26,000 ரூபாய். அவர் ஒன்றைத்தான் ஏற்றியிருந்தார். சிறிய திரையில் நகர்த்தி நகர்த்திப் பார்த்ததில் இரண்டும் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. படிவத்தில் தானாக வந்து நின்ற தொகையை அப்படியே ஒப்புக்கொண்டு வரியைக் கட்டிவிட்டேன்.

செப்டம்பர் கடைசியில், லேப்டாப்பில் கொள்முதல் பதிவேட்டையும் 2-பி பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் 6,000 ரூபாய் விட்டுப் போனது தெரிந்தது. அந்த வியாபாரி நல்லவர்; சொன்னதும் அடுத்த கணக்கில் சேர்த்தார். விட்டுப்போன பில்லைச் சேர்க்க, நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் அவகாசம். அதற்குப் பிறகு கண்டுபிடித்திருந்தால் 6,000 ரூபாயும் போனதுதான்.

இதில் டேபின் மீது குற்றம் இல்லை. ஒரு பட்டியலைப் பார்ப்பதற்கு அது போதும். இரண்டு பட்டியலை ஒப்பிடுவதற்கு அகலமான திரையும் விசைப்பலகையும் வேண்டும். கணக்கு வேலை என்பது பெரும்பாலும் ஒப்பிடுகிற வேலைதான்.

ஆடிட்டர் அலுவலகமும் நம் பேரேடும்

நம்மில் பலருடைய கணக்கு டேலியில் இருக்கிறது. 1980-களில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற தொழிலதிபர் தன் வியாபாரக் கணக்குக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமல், மகன் பரத் கோயங்காவைக் கொண்டு எழுதச் செய்ததிலிருந்து வளர்ந்தது அது. நம்மைப் போன்ற வியாபாரிக்காகப் பிறந்த அந்த மென்பொருள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் நிறுவி வேலை செய்வதற்கானது. அறிக்கைகளை டேபில் பார்க்க வழி உண்டு. முழு வேலையையும் அதில் செய்வது எளிதல்ல. கம்பெனியாகப் பதிவு செய்தவர்கள் டிஜிட்டல் கையெழுத்துக்காக யு.எஸ்.பி. டோக்கன் செருக வேண்டியிருக்கிறது, அதற்கும் கம்ப்யூட்டர்தான்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். டேபில் ஓடும் பில் செயலிகள் பெரும்பாலும் நம் கணக்கை எங்கோ இருக்கும் அவர்களுடைய கணினியில் வைத்திருக்கின்றன. ஆண்டுச் சந்தா முடிந்த மறுநாள் நான் செயலியைத் திறந்தபோது, பழைய பில்களைக்கூடப் பார்க்க முடியவில்லை. பணம் கட்டிய பிறகே திறந்தது. நம் கடைக் கணக்கைப் பார்க்க நாமே கட்டணம் கட்டி நிற்பது என்ன நியாயம்? ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டுக் கணக்கு கொடுக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் நாம் பதிவேடுகளைப் பாதுகாக்க வேண்டும். ஆறு ஆண்டு கழித்து அதிகாரி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்; செயலிக்காரர் வரமாட்டார். அந்தக் காலத்தில் பேரேடு நம் பெட்டிக்குள் இருந்தது. இன்றும் மாதம் ஒருமுறை முழுக் கணக்கையும் இறக்கி, லேப்டாப்பில் ஒரு பிரதியும் பென்டிரைவில் ஒரு பிரதியும் வைப்பதே அதற்கு ஈடு.

யாருக்கு எது போதும்?

டேப் வந்தால் லேப்டாப் ஒழியும் என்ற பேச்சு 2010-இல் ஆப்பிள் நிறுவனம் ஐபேடை வெளியிட்ட நாளிலிருந்தே இருக்கிறது. 2011-இல் மத்திய அரசு மாணவர்களுக்காக 'ஆகாஷ்' என்ற மலிவு விலை டேபை வெளியிட்டது. அதே ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. ஒன்று மற்றொன்றை ஒழிக்கவில்லை. எனவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, எந்தக் கடைக்கு எது போதும் என்று கேட்பதே சரி. என் கருத்து இது:

காம்பவுண்டிங் முறையில் ஒரு சதவீத வரி கட்டும் சிறு கடைக்காரருக்குக் கொள்முதல் வரியைக் கழிக்கும் வேலை கிடையாது. காலாண்டுக்கு ஒரு படிவமும் ஆண்டுக்கு ஒரு படிவமும்தான். சரக்கும் சில நூறு என்றால், அவருக்கு டேப் ஒன்றே போதும். லேப்டாப் வீண் செலவு.

வழக்கமான முறையில் வரி கட்டும், ஆயிரம் சரக்கு வைத்திருக்கும் மளிகைக்காரருக்குக் கல்லாவில் டேபும், வீட்டிலோ உள்ளறையிலோ ஒரு சுமாரான லேப்டாப்பும் வேண்டும்.

மொத்த வியாபாரிக்கு, குறிப்பாக ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவருக்கு, இ-இன்வாய்ஸ், இ-வே பில், டேலி என்று நாள் முழுவதும் தட்டச்சு வேலை. அவருக்குக் கம்ப்யூட்டர்தான் முதல். டேப் லைனுக்குப் போகும் விற்பனையாளரின் கையில் இருக்கட்டும்.

டேபுக்கு விசைப்பலகை வாங்கி மாட்டினால் லேப்டாப் ஆகாதா என்று கேட்பீர்கள். விசைப்பலகை, மவுஸ், ஸ்டாண்டு என்று சேர்த்துக்கொண்டே போனால் விலை வித்தியாசம் பாதி கரைந்துவிடும். டேலி அப்போதும் ஓடாது.

வாங்குமுன் கடையிலேயே நான்கு விஷயங்களைச் செய்து காட்டச் சொல்லுங்கள். நெட் இல்லாதபோது பில் விழுகிறதா? சரக்குப் பெயர் தமிழில் அச்சாகிறதா? பட்டியலை எக்செல்லில் இறக்கவும் ஏற்றவும் முடிகிறதா? சந்தா முடிந்தாலும் பழைய கணக்கைப் பார்க்க முடியுமா? நான்காவது கேள்விக்கு வாய்மொழியாகப் பதில் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "டேப் வாங்குங்கள், தம்பி. ஆனால் பழைய லேப்டாப்பை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட முடியுமா என்று ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கேளுங்கள். சில ஆயிரத்தில் முடியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14.10.2025-உடன் முடிந்துவிட்டது; புதிய விண்டோஸை அது தாங்குமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். தாங்காது என்றால் மட்டும் புதிது வாங்குவதைப் பற்றிப் பேசுவோம்."

நேற்று அவர் போன் செய்தார். லேப்டாப் பிழைத்துவிட்டதாம். டேப் கல்லாவில் இருக்கிறதாம். இந்த மாதம் 14-ஆம் தேதி இரவு, 2-பி பட்டியலை ஒப்பிட அவருடன் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறேன். உங்கள் கடையிலும் அன்று இரவு ஒரு மணி நேரம் அதற்காக ஒதுக்குங்கள்.