புளூ ஊசி போட்டால் மாத்திரையை நிறுத்த வேண்டுமா?

"எனக்குச் சர்க்கரை வியாதி. புளூ ஊசி ஒத்துக்கொள்ளுமா?"

"ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போடலாமா?"

இப்படிப் பலர் கேட்கிறார்கள். பயந்து, ஊசியே வேண்டாம் என்று இருந்துவிடுகிறவர்களும் உண்டு.

உண்மை என்ன? சர்க்கரை வியாதி, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களைத்தான் புளூ அதிகம் வாட்டும். நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். ஆகவே, ஊசி முக்கியமாகத் தேவைப்படுவது அவர்களுக்குத்தான்!

செத்த கிருமி

ஊசி மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது. அது புளூவை உண்டாக்காது. கை வலிக்கலாம். ஓரிரு நாள் உடம்பு சுடலாம். அவ்வளவுதான். வழக்கமான மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை.

ரத்தம் உறையாமல் இருக்க "வார்பரின்" சாப்பிடுகிறவர்கள், அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். மெல்லிய ஊசியால் போட்டு, அந்த இடத்தை 2 நிமிடம் அழுத்திப் பிடிப்பார்கள். தேய்க்கக் கூடாது.

புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கும், ஸ்டீராய்டு அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கும் ஊசியின் பலன் குறையலாம். எப்போது போடுவது என்று டாக்டர் சொல்வார்.

மூக்கு மருந்து வேறு

மூக்கில் தெளிக்கும் மருந்தும் உண்டு. இதில் இருப்பது உயிருள்ள கிருமி, வலுக் குறைக்கப்பட்டது. கர்ப்பிணிகளுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இது ஆகாது. ஆஸ்பிரின் சாப்பிட்டுவரும் குழந்தைகளுக்கும் கூடாது. கர்ப்பிணிகள் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

"டாமிபுளூ" மருந்து, கிருமியைப் பெருகவிடாது. அதைச் சாப்பிடும்போது மூக்கு மருந்து பலிக்காமல் போகலாம். ஊசிக்கு இந்தத் தொல்லை இல்லை.

முட்டை ஆகாதவர்கள்

புளூ மருந்துக்கான கிருமியைப் பெரும்பாலும் கோழி முட்டையில் வளர்க்கிறார்கள். அதனால் முட்டை ஒத்துக்கொள்ளாதவர்கள் பயந்தார்கள். அவர்களுக்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்று 2023-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் கூறிவிட்டது.

யார் யோசிக்க வேண்டும்?

1976-ல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலைத் தடுக்க 4 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு ஊசி போட்டார்கள். ஏறக்குறைய லட்சத்தில் ஒருவருக்குக் கை கால் மரத்துப்போகும் "கில்லன்-பாரே" நோய் வந்தது. டிசம்பரில் திட்டத்தை நிறுத்தினார்கள்.

இப்போதைய ஊசியில் அந்த ஆபத்து அதைவிட மிகக் குறைவு. என்றாலும், புளூ ஊசி போட்ட 6 வாரத்துக்குள் அந்த நோய் வந்தவர்களும், ஊசி போட்டதும் மூச்சுத் திணறியவர்களும் டாக்டரைக் கேட்காமல் மறுபடி போடக்கூடாது. கடும் காய்ச்சல் உள்ளவர்கள் அது தணியும்வரை பொறுக்கலாம்.

ஊசி பலன் தர 2 வாரம் ஆகும். போகும்போது, சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.