மலைப்பாதை வண்டிக்கு ஒரு நியாயம்

போடிநாயக்கனூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் பொழுது புலருமுன்னே புறப்பட்டு, தோட்டத் தொழிலாளரையும் உர மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு இடுக்கி மலையின் ஏலக்காய்த் தோட்டங்களை நோக்கி ஏறுகின்ற ஜீப்புகளையும் பிக்கப் வண்டிகளையும் கவனித்துப் பார்த்தவர்கள், அவற்றுள் பல, தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் இருந்த உருவத்தோடு இன்று இல்லை என்பதைக் கண்டிருப்பார்கள். பின்புற ஸ்பிரிங் கட்டில் ஒரு பட்டை கூடியிருக்கும், டயர் தடித்திருக்கும், பெட்டியின் மேல் இரும்புச் சட்டம் எழுந்து தார்ப்பாய் போர்த்தியிருக்கும். இவற்றைச் செய்தவர் யாரோ ஒரு பட்டறைக்காரர். செய்யத் தூண்டியது அந்தப் பாதை. இந்தக் காரியத்தைச் சட்டம் ஒரு பக்கம் குற்றமென்று எழுதி வைத்திருப்பதும், மறுபக்கம் அதிகாரிகள் பல வேளைகளில் கண்டும் காணாமல் விட்டுவிடுவதுமாகிய இந்த இரட்டை நிலை, வண்டியின் உடைமைக்காரருக்கும் நல்லதன்று, வளைவிலே அவருக்கு எதிரே வருகிறவருக்கும் நல்லதன்று. பழுது பார்ப்பதையும் தேவைக்கேற்பத் திருத்தியமைப்பதையும், தக்க பரிசோதனைக்கு உட்பட்ட ஓர் உரிமையாக ஆக்கிவிட வேண்டும் என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.

இது பொழுதுபோக்குக்காரர்களின் விஷயம் மட்டுமே என்று எண்ணுகிறவர்கள், நம் மலைக்கிராமங்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில், 2023-ஆம் ஆண்டு மே மாதம், பாம்பு தீண்டிய ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று காலத்தில் சிகிச்சை கிடைக்காமல் உயிரிழந்ததையும், சடலத்தை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதை சரியில்லாமல் நடுவழியிலே நின்றுவிட, பெற்ற தாயே அதைக் கையில் ஏந்தி மலையேறியதையும் நாம் பத்திரிகைகளிலே படித்தோம். சாலை அமைப்பதே இதற்குப் பிரதானமான பரிகாரம். அதில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் சாலை வரும் வரையில் நோயாளியையும் பிரசவ வேதனைப்படும் பெண்ணையும் கீழே கொண்டுவரக்கூடியது, நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லுகின்ற, உயரமான, உறுதியான ஒரு வண்டியேயாகும். அந்த வண்டி நல்ல நிலையில் இருக்கிறதா இல்லையா என்பது அங்கே உயிர் சம்பந்தமான கேள்வி.

இத்தகைய வண்டிகளின் மூதாதை, இரண்டாம் உலக யுத்தத்துக்காக அமெரிக்காவிலே உருவான வில்லிஸ் ஜீப். யுத்தத்துக்குப் பின் மகிந்திரா நிறுவனத்தார் அதை இந்தியாவிலே பூட்டி விற்கலானார்கள். ஏணி போன்ற சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், பட்டை ஸ்பிரிங், எளிய எஞ்சின் என்ற அந்த அமைப்பின் மகிமை, வேகத்திலோ சௌகரியத்திலோ இல்லை; கையளவு ஸ்பேனர்களும் ஒரு ஜாக்கியும் இருந்தால் மரத்தடியிலேயே பிரித்துப் பூட்டிவிடலாம் என்பதில் இருந்தது. மகிந்திராவின் பிற்கால ஜீப்புகளும் பிக்கப்புகளும் பெரும்பாலும் அந்தப் பரம்பரையையே தொடர்ந்தன. 2016-இல் வந்த இசுசு வி-கிராஸும், 2022-இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸும் வேறொரு தலைமுறை. வலிமையும் சுகமும் அதிகம், விலையும் அதிகம், அவற்றின் உள்ளே நடக்கும் விஷயங்களில் பாதி கண்ணுக்குத் தெரியாத மின்னணுப் பெட்டிகளுக்குள்ளே நடக்கின்றன.

மலைப்பாதை ஒரு வண்டியை எப்படிச் சிதைக்கிறது என்பதை அறியாமல், அதைத் திருத்துவதைப் பற்றிப் பேசுவது பிரயோஜனமற்றது. உதாரணமாக, ஏற்றத்தில் உழைத்துச் சூடேறிய பின் ஆக்சில், திடீரென்று ஓர் ஓடையின் குளிர்ந்த நீரில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. அந்தக் குறையை நிரப்பக் காற்று வருவதற்கென்றே ஆக்சிலின் தலையில் ப்ரீதர் என்னும் சிறு துவாரம் உண்டு. அது சேற்றால் அடைபட்டிருந்தாலோ நீருக்குள் மூழ்கியிருந்தாலோ, ஆயில் சீல் வழியாகவோ அந்தத் துவாரத்தின் வழியாகவோ தண்ணீரே உறிஞ்சப்படுகிறது. அப்புறம் கியர் எண்ணெய் பாலின் நிறமடைந்து, வழுவழுப்பை இழந்து, பேரிங்குகளையும் கிரௌன்–பினியன் பற்களையும் தின்னத் தொடங்கும். சத்தம் வெளியே கேட்கும்போது செலவு ஆயிரங்களைத் தாண்டியிருக்கும். ப்ரீதரில் ஒரு ரப்பர்க் குழாயைச் செருகி எஞ்சின் அறையின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிட்டால் இந்த நஷ்டம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. சில நூறு ரூபாயில் முடிகிற இந்த வேலையை நான் எல்லாத் திருத்தங்களுக்கும் முதலிலே வைப்பேன். ஆனால் அது வெளியே தெரிவதில்லை என்பதனாலோ என்னவோ, அலங்கார விளக்குகளுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவதில்லை.

இறக்கத்திலும் அப்படியே. கீழ்க்கியரிலே, எஞ்சினின் தடையிலே வண்டியை இறக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறவரின் டிரம்மும் டிஸ்க்கும் கொதிக்கின்றன. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை நாளடைவில் இழுத்துக்கொள்ளும் இயல்புடையது; ஈரம் கலந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாக, மிதி தரையைத் தொட்டும் வண்டி நிற்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அந்த எண்ணெயை மாற்றுவது என்பது எத்தனை வண்டிக்காரர்களின் பழக்கத்தில் இருக்கிறது? நான்கு சக்கர விசைக்கான டிரான்ஸ்பர் கேஸில் உள்ள ‘லோ’ கியர், சக்கரத்தின் திருகு விசையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்குவதோடு, இறக்கத்தில் எஞ்சினின் தடையையும் அதே அளவுக்குப் பெருக்கித் தருகிறது. ஏறுவதற்கென்று மட்டும் அதை வைத்திருப்பதாக நினைப்பது பெரும் அறியாமை.

இனித் திருத்தியமைத்தலுக்கு வருவோம். மேடுபள்ளத்தில் அடிவயிறு தட்டுகிறதென்று, ஆக்சிலுக்கும் பட்டைக்கும் இடையில் இரும்புக் கட்டையை வைத்தோ, நீளமான ஷேக்கிளைப் பூட்டியோ வண்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்குவது இன்று சர்வ சாதாரணமாகிவிட்டது. தூக்கிய மாத்திரத்தில் கம்பீரம் வருகிறது. அதனோடு வேறு பலவும் வருகின்றன. புரொப்பெல்லர் ஷாப்டின் சாய்வு கூடி யூ-ஜாயின்ட் சீக்கிரம் தேய்கிறது. முன்சக்கரத்தின் கேஸ்டர் கோணம் மாறி, ஸ்டீயரிங் தானே நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடுகிறது. இவற்றையெல்லாம்விட நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. பல பிக்கப் வண்டிகளில், சேஸிஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கொண்டு சுமை எவ்வளவு என்பதை அறிந்து, அதற்கேற்பப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. வண்டியைத் தூக்கி, அந்த வால்வின் கம்பியைச் சரிப்படுத்தாமல் விட்டுவிட்டால், ஒரு டன் சுமை இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே அது எடுத்துக்கொண்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் இது தெரியாது. ஓட்டுகிறவருக்கும் அவசர நேரம் வரும் வரையில் தெரியாது.

டயர் விஷயமும் இதே இனத்தைச் சேர்ந்தது. 235/75 ஆர் 15 அளவுள்ள டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயரைப் பூட்டினால், அதன் விட்டம் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுகிறது. அதனால் ஆக்சில் உயர்வது ஏறத்தாழ ஓர் அங்குலமே. ஆனால் ஸ்பீடோமீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 64 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, அதே பிரேக் அதைவிடக் கனமான சக்கரத்தை நிறுத்தியாக வேண்டியிருக்கிறது, எஞ்சினின் இழுவையும் அதே ஏழு விழுக்காடு குறைகிறது. இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துச் சொல்லி, பினியன் விகிதத்தையும் மாற்றச் சொல்லுகிற பட்டறைக்காரரே உண்மையான நிபுணர். டயரை விற்றுவிட்டு மட்கார்டை அறுத்து அனுப்புகிறவர் அல்லர். சேஸிஸின் விளிம்பிலே துளையிடுவதும், தோன்றிய இடத்திலெல்லாம் வெல்டிங் வைப்பதும் இன்னும் மோசம். வெல்டிங்கின் வெப்பம் பட்ட இரும்பு, அதன் ஓரத்திலேதான் பின்னொரு நாள் வெடிக்கிறது.

இப்படியெல்லாம் அபாயம் இருக்கிறதே, ஆகவே சட்டம் தடுப்பது சரிதானே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கிலே உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்று ஏற்படுத்தியது. முன்பக்கத்தில் பூட்டும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியதையும் நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். பாதசாரியின் எலும்பை முறிக்கவும், மோதலின் அதிர்ச்சியை நேரே சேஸிஸுக்குக் கடத்தவும் மட்டுமே பயன்படுகிற பொருள் அது.

ஆனால் தடை மட்டுமே இருந்து, முறையான வழி இல்லாமற் போனால் என்ன விளைகிறது? தூக்கிய வண்டி, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகக் காட்டும் நாளில் மட்டும் பழைய சக்கரத்தில் நின்று, மறுநாள் புதிய சக்கரத்துக்குத் திரும்புகிறது. மேலே சொன்ன பிரேக் வால்வைப் பரிசோதிக்க வேண்டிய மோட்டார் வாகன ஆய்வாளர், மாற்றம் செய்த கோலத்தில் அந்த வண்டியைப் பார்ப்பதே இல்லை. நல்ல பட்டறைக்காரரின் வேலையும் கெட்ட பட்டறைக்காரரின் வேலையும் சட்டத்தின் முன் ஒரே குற்றமாக நிற்கின்றன. ஆகவே நல்லவருக்கு எந்த அனுகூலமும் இல்லை. வெளிச்சத்துக்கு வர முடியாத தொழிலில் தரத்தை யார் நிலைநாட்டுவது?

இதற்கு வழி நம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பெட்ரோல் வண்டியைச் சி.என்.ஜி.க்கு மாற்ற விரும்புகிறவர், பரிசோதனை நிலையம் ஒப்புக்கொண்ட கிட்டை, அனுமதி பெற்ற பட்டறையில் பொருத்தி, ஆர்.சி. புத்தகத்தில் பதிவு செய்துகொள்ள இன்று இடமிருக்கிறது. எரியும் வாயுவை உருளையில் அடைத்து வண்டியில் வைப்பதையே இவ்வாறு ஒழுங்குபடுத்த முடியுமென்றால், இரண்டு அங்குல ஸ்பிரிங்கையும் ஒரு பெரிய டயரையும் ஒழுங்குபடுத்த முடியாதென்று எப்படிச் சொல்வது? சென்னைக்கு அருகே ஒரகடத்திலேயே மத்திய அரசின் உலகத் தரமுள்ள வாகன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒவ்வொரு பிக்கப் மாதிரிக்கும் எவ்வளவு உயரம், எந்த டயர், எந்த நீள ஹோஸ், வால்வை எப்படித் திருப்புவது என்பதை அங்கே ஒருமுறை சோதித்து வரையறுத்துவிட்டால், உள்ளூர் ஆய்வாளர் செய்ய வேண்டியது அந்த வரையறைப்படி பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதே.

பழுது பார்க்கும் உரிமையோ இன்னும் அவசரமானது. பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு நெறி 2020 ஏப்ரலில் வந்தபின், டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று சேர்ந்திருக்கிறது. தொடர்ந்து வேகமாக ஓடினால் அது தன் சூட்டிலேயே கரியை எரித்துத் தூய்மை பெறும். மெதுவாகவும் குறுந்தூரமாகவும் ஓடுகிற மலைவண்டியிலே அடைபடும். அடைபட்டால் எஞ்சின் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை விடுவிக்க ஸ்பேனர் போதாது, அதற்குரிய ஸ்கேனரும் மென்பொருளும் வேண்டும். அவை கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் மட்டுமே கிடைக்குமானால், மலைமேல் நின்ற வண்டியை நகரம் வரை கட்டி இழுக்க வேண்டியதுதான். உதிரிப் பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குத் தர மறுத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது; விஷயமோ மேல்முறையீடுகளில் நீண்டது. மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் திறந்து, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது நல்ல ஆரம்பம். ஆனால் தகவல் பலகை வேறு, சட்டம் வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மக்கள் 2012-லேயே வாக்களித்து இவ்வுரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள்.

நம் தொழிற்பயிற்சி நிலையங்களில் இரண்டாண்டு மோட்டார் மெக்கானிக் படிப்பு நடக்கிறது. மலையடிவார ஊர்களிலுள்ள நிலையங்களிலாவது, நான்கு சக்கர விசை வண்டியும் ஸ்கேனரும் வைத்துக் கற்பிக்க மாநில அரசு ஏற்பாடு செய்யட்டும். 52-ஆவது பிரிவின் கீழ் மலைப்பகுதி வண்டிகளுக்கென விதிகள் வகுக்குமாறு தமிழ்நாட்டுப் போக்குவரத்துத் துறை மத்திய அமைச்சகத்தை வற்புறுத்தட்டும். சட்டம் மாறும் வரையில் காத்திராமல் செய்யத்தக்க காரியம் வண்டிக்காரர்களுக்கும் ஒன்று உண்டு: வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக ஆக்சில் எண்ணெயைத் திறந்து பாருங்கள், பிரேக் எண்ணெயை மாற்றுங்கள், வண்டியை ஏற்கெனவே உயர்த்தியிருந்தால் அந்தப் பின் பிரேக் வால்வை விஷயம் தெரிந்த ஒருவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.