வலி நின்ற பிறகும் வாருங்கள்

குழந்தைகள் எலும்பு மூட்டுப் பிரிவில் எங்கள் மேசைக்கு வரும் பெற்றோரில் பலர் சொல்லும் முதல் வாக்கியம் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்: “முட்டி வலிக்கிறது என்கிறான் டாக்டர், ஆனால் முட்டியில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.” கையில் முழங்காலின் எக்ஸ்-ரே படம் இருக்கும். அதில் உண்மையிலேயே ஒரு குறையும் இராது. பையனுக்கு ஆறு ஏழு வயது. தாங்கித் தாங்கி நடந்து வருவான். விளையாட்டில் விழுந்தது, புதுச் செருப்பு, பள்ளிக்குப் போகாதிருக்கச் செய்யும் பாசாங்கு என்று காரணங்கள் வீட்டில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருக்கும். எண்ணெய் தேய்த்துச் சில வாரங்களும், கட்டுப் போட்டுச் சில வாரங்களும் கழிந்திருக்கும்.

அவனைப் படுக்க வைத்து இடுப்பை மெல்ல அசைத்துப் பார்க்கிறோம். தொடையை வெளிப்புறம் விரிக்கும்போது அது பாதியில் நின்றுவிடுகிறது. “சம்மணமிட்டு உட்காருகிறானா?” என்று கேட்டால், அம்மா சற்று யோசித்து, “கொஞ்ச நாளாகவே சாப்பிடும்போது காலை நீட்டிக்கொள்கிறான்” என்கிறார். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால், இடுப்பில் எழும் வலியைப் பிள்ளை முழங்காலில் உணர்கிறான். அவன் பொய் சொல்லவில்லை.

இவ்வாறு வரும் குழந்தைகளுள் சிலருக்கு இருப்பது பெர்த்தீஸ் நோய். இடுப்பு மூட்டு என்பது கிண்ணம் போன்ற குழிக்குள் சுழலும் ஒரு பந்து. அந்தப் பந்து தொடை எலும்பின் தலை. அதற்குச் செல்லும் இரத்த ஓட்டம், இன்றுவரை தெளிவாகாத ஏதோ ஒரு காரணத்தால் தடைப்பட்டு, எலும்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ உயிரிழக்கிறது. பெரும்பாலும் 4 முதல் 8 வயதுக்குள் தொடங்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு நான்கைந்து மடங்கு அதிகம் வரும். உடல் சும்மா இருப்பதில்லை. செத்த எலும்பைச் சிறிது சிறிதாக அகற்றிவிட்டு, அதே இடத்தில் புதிய எலும்பைக் கட்டுகிறது. இப்பணி முடிய இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள் ஆகலாம்.

எக்ஸ்-ரே வருவதற்கு முன் இக்குழந்தைகளை இடுப்புக் காசநோயாளிகள் என்றே கருதினர். 1909-இல் சுவீடனின் வால்டன்ஸ்ட்ரோம் இந்நோயின் படங்களை வெளியிட்டபோதும் அதைக் காசநோயின் ஒரு வகையாகவே எண்ணினார். மறு ஆண்டே அமெரிக்காவில் லெக், பிரான்சில் கால்வே, ஜெர்மனியில் பெர்த்தீஸ் ஆகிய மூவரும் தனித்தனியே, இது வேறு நோய் என்று எழுதினர். மூவர் பெயரையும் சேர்த்துச் சொல்வது மருத்துவ நூல் வழக்கம். வெளிநோயாளர் பிரிவில் பெர்த்தீஸ் மட்டுமே நிலைத்துவிட்டார்.

இனி நாங்கள் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். இந்நோயில் வலி ஒரு நம்பத்தக்க அளவுகோல் அன்று. மூட்டின் உட்சவ்வு வீங்கும்போது வலிக்கிறது. ஓய்வெடுத்தால், மருந்து கொடுத்தால், வீக்கம் வடிந்து வலி நின்றுவிடுகிறது. பிள்ளை ஓடத் தொடங்குகிறான். பெற்றோர் நிம்மதியடைகின்றனர். அடுத்த வருகைக்கு வருவதில்லை. ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, காலை முதல் வரிசையில் நின்று, நன்றாக ஓடுகிற பிள்ளையை எதற்காக டாக்டரிடம் காட்ட வேண்டும்? நியாயமான கேள்விதான். ஆயினும் அந்த வலியற்ற மாதங்களில்தான் எலும்பின் தலை தன் வலுவை இழந்து மென்மையாகி, இருக்கும் இடத்துக்கு ஏற்ற வடிவத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது.

குழிப்பணியாரச் சட்டியை நினைத்துப் பாருங்கள். மாவு முழுவதும் குழிக்குள் இருந்தால் பணியாரம் உருண்டையாக வரும். ஒரு பக்கம் விளிம்பைத் தாண்டி வழிந்தால், வழிந்த பகுதி தட்டையாகவே வெந்துவிடும். பிறகு அதைக் குழிக்குள் தள்ள இயலாது. தொடை எலும்பின் தலையும் அத்தகையது. மென்மையாக இருக்கும் காலத்தில் அது இடுப்புக் கிண்ணத்துக்குள் முழுமையாக அடங்கியிருந்தால், கிண்ணமே அதற்கு அச்சாகிறது. வெளிப்பக்கம் பிதுங்கினால் தலை தட்டையாகிறது. காலை விரித்து வைக்கும் மாவுக்கட்டு, தாங்கு கருவி, தொடை எலும்பையோ இடுப்பெலும்பையோ வெட்டித் திருப்பி வைக்கும் அறுவை சிகிச்சை ஆகிய அனைத்தின் நோக்கமும் இந்த அடக்கம் ஒன்றே. புதிய எலும்பு இறுகத் தொடங்கிய பின் இவற்றைச் செய்தால் அதே பலன் கிட்டுவதில்லை. தட்டையான தலையோடு வளரும் பிள்ளைக்கு இருபது வயதில் பெரிய தொல்லை இராது. நாற்பது, ஐம்பது வயதில், குடும்பம் அவனை நம்பியிருக்கும் காலத்தில், மூட்டுத் தேய்மானம் வந்து நிற்கும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அறுவை வேண்டுமா என்றால், வேண்டாம். ஆறு வயதுக்குள் நோய் தொடங்கியவர்களில் பலருக்குக் கண்காணிப்பும் பயிற்சியுமே போதும். வளர்வதற்கு ஆண்டுகள் மிச்சமிருப்பதால் வடிவம் தானே சீர்படுகிறது. எட்டு வயதுக்கு மேல் தொடங்கினால் அந்த அவகாசம் குறைவு. நம் நாட்டில் இந்நோய், மேலை நாடுகளைவிடச் சற்றுப் பிந்திய வயதில் தொடங்குவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. தாமதத்தைப் பற்றி நாங்கள் இவ்வளவு கவலைப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். முதல் வாரங்களில் எடுக்கும் எக்ஸ்-ரேயில் மாற்றம் தெரியாமலும் போகலாம். ஆகவே, “படம் நன்றாக இருக்கிறது” என்று ஒருமுறை கேட்ட பின்னும் நடை சாய்ந்தே இருந்தால், மீண்டும் காட்டுங்கள். காய்ச்சலோடு இடுப்பு வலி வந்து, காலை ஊன்றவே பிள்ளை மறுத்தால், அது வேறு செய்தி. மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே வர வேண்டும்.

வீட்டில் நடக்கும் விசாரணை ஒன்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தாய் கருவுற்றபோது சுண்ணாம்புச் சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று மாமியார் சொல்வதும், தாய் தலை குனிந்து நிற்பதும் எங்கள் கண் முன்னே நடந்திருக்கின்றன. இது சுண்ணாம்புச் சத்துக் குறைவால் வரும் நோய் அன்று. பால் ஊற்றி வளர்த்த பிள்ளைக்கும் வருகிறது. தொற்றுவதும் இல்லை. வீட்டில் பிறர் விடும் புகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் எனச் சில ஆய்வுகள் குறிக்கின்றன. காரணம் அதுவே என நிறுவப்படவில்லை. இருப்பினும், மாமியாரின் விசாரணையின்போது வாசலில் பீடியோடு நிற்கும் தந்தையார் அதை அணைத்துவிடலாம்.

இன்னொரு முனையில், அச்சத்தால் பிள்ளையை ஆண்டுக்கணக்கில் கட்டிலில் கிடத்திவைக்கும் குடும்பங்களும் உண்டு. அவ்வாறு கிடத்துவதை நாங்கள் ஏற்கவில்லை. குதிப்பதும் உயரத்திலிருந்து தாவுவதும் நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் கூடாது. நீச்சலும் மிதிவண்டியும் பெரும்பாலோர்க்கு நல்லவை. மூட்டு இறுகாமல் காக்கின்றன. பள்ளிக்கு அவசியம் போக வேண்டும். வகுப்பறையைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி தலைமையாசிரியருக்குக் கடிதம் கேட்டால் நாங்கள் எழுதித் தருகிறோம்.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைப்பதற்கில்லை. நெரிசல் மிகுந்த நாளில் இரண்டு நிமிடத்தில், “மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். ஏன் வர வேண்டும் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாதவர் வராதிருந்தால் அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு உரிமையில்லை. இனி ஒவ்வொரு வருகையிலும் பழைய படத்தையும் புதிய படத்தையும் விளக்குப் பெட்டியில் அருகருகே வைத்து, தலை எங்கே நிற்கிறது என்பதைப் பெற்றோருக்குக் காட்டுவது என்று எங்கள் பிரிவில் முடிவு செய்திருக்கிறோம். காட்டாமல் சீட்டைக் கையில் கொடுத்தால், கேளுங்கள். பழைய படங்கள் ஒன்றையும் எறிந்துவிட வேண்டாம். சுருட்டாமல், மடிக்காமல், உறையோடு கொண்டுவாருங்கள்.