செல்போன் அம்மா கையில் இருக்கட்டும்!

பள்ளிக்கூடம் லீவு விட்டால் போதும், 'வண்டலூர் போகலாமா?' என்று வாண்டுகள் ஆரம்பித்து விடும். நாமும் விடியற்காலையில் எழுந்து புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் என்று கட்டிக்கொண்டு கிளம்பி விடுகிறோம். அங்கே போனதும் செல்போனைத் தூக்கிக்கொண்டு அப்பாவும் பிள்ளைகளும் முன்னால் ஓடுவார்கள். பையும் தண்ணீர் பாட்டிலுமாய் அம்மா பின்னால் நடப்பாள். கால் வலித்தால் மரத்தடியில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல்! உயிரியல் பூங்காவில் போட்டோ எடுக்கும் பொறுப்பை இனி நாம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. நம் ஆசைக்காக மட்டும் அல்ல, அங்கே இருக்கும் வாயில்லா ஜீவன்களுக்காகவும்தான்.

எந்த ஊர் பூங்காவுக்குப் போனாலும் இந்தக் கூத்தைப் பார்க்கலாம். சிங்கம் நிழலில் படுத்திருக்கும். 'ஏய், எழுந்திரு! இங்கே பாரு!' என்று ஒரு கூட்டம் கை தட்டும், விசில் அடிக்கும். முதலை அசையாமல் கிடந்தால், உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கல்லை விட்டெறிவார்கள். பாம்பு இருக்கும் கண்ணாடியை டொக்கு டொக்கென்று தட்டுவார்கள். எல்லாம் எதற்கு? ஒரே ஒரு போட்டோவுக்கு! பெற்றவர்களும் சிரித்துக்கொண்டு நிற்பதுதான் வேதனை.

சிங்கம் சோம்பேறி இல்லை. காட்டிலும்கூட அது ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வில்தான் இருக்கும். முதலை வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது உடம்புச் சூட்டைச் சரி செய்து கொள்ளத்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால் கல்லெறியத் தோன்றுமா? பகல் தூக்கத்தில் இருக்கும் நம் வீட்டுக் குழந்தையை யாராவது தட்டி எழுப்பிப் போட்டோ பிடித்தால் நாம் சும்மா விடுவோமா?

இது வெறும் நாகரிகம் பற்றிய பேச்சும் இல்லை. 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 1991-ல் செய்த திருத்தத்தின்படி, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதும், குப்பை போடுவதும் குற்றம். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

சென்னையில் 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சி சாலை, பிறகு சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல்தான் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. சுமார் 1,500 ஏக்கர் காட்டு நிலம். கம்பிக் கூண்டில் அடைக்காமல், அகழி வெட்டி, மரம் செடியோடு விட்டிருப்பதே அவை தம் போக்கில் இருக்கட்டும் என்றுதான். நாம் போய் ஆர்ப்பாட்டம் செய்தால் அவ்வளவு இடம் கொடுத்தும் என்ன பிரயோஜனம்?

சரி, இதற்கும் அம்மா கையில் செல்போன் இருப்பதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நல்ல படத்துக்கு வேண்டியது பொறுமை. பால் பொங்கும் வரை அடுப்பை விட்டு நகராமல் நிற்பவர்கள் நாம். ஒரு வாய் சோற்றுக்குக் குழந்தை வாய் திறக்கும் வரை காக்கா, குருவி காட்டிக் காத்திருப்பவர்கள் நாம். நமக்கா காத்திருக்கத் தெரியாது?

போன லீவில் நாத்தனார் பிள்ளைகளோடு போயிருந்தேன். சாப்பாட்டுப் பையை என் கணவர் வாங்கிக்கொண்டார். சிங்கவால் குரங்குகள் இருக்கும் இடத்தில் இருபது நிமிஷம் பேசாமல் நின்றோம். முகத்தைச் சுற்றி வெள்ளை முடி, வால் நுனியில் சிங்கம் போலக் குஞ்சம். நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. முதலில் இலைக்குள் மறைந்திருந்தவை மெதுவாக வெளியே வந்தன. ஒரு தாய் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பேன் பார்க்க ஆரம்பித்தது! 'அத்தை, பாட்டி எனக்குப் பார்க்கிற மாதிரியே இருக்கு' என்று சின்னவள் என் காதில் கிசுகிசுத்தாள். விசில் அடித்திருந்தால் அந்தக் காட்சி கிடைத்திருக்குமா?

போகப் போகிற தோழிகளுக்குச் சில யோசனைகள். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை, மறந்து விடாதீர்கள். காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் நிழலில் ஒதுங்கி விடும், நமக்கும் தலை சுற்றும். எல்லாவற்றையும் பார்த்தே தீருவேன் என்று ஓடாமல், ஐந்தாறு இடங்களில் நின்று நிதானமாகப் பாருங்கள். ஃபிளாஷை அணைத்து விடுங்கள். இருட்டில் நடமாடும் விலங்குகளின் கண் நம் கண்ணைவிட வெளிச்சத்தை அதிகம் வாங்கும். சுரீரென்று அடிக்கும் ஒளி அவற்றுக்கு இம்சை. படத்திலும் கண்கள் நெருப்புத் துண்டு போலத்தான் விழும். கண்ணாடி அருகில் போக அனுமதி இருந்தால், தட்டாமல் செல்போனைக் கண்ணாடியை ஒட்டிப் பிடியுங்கள். நம் நிழல் விழாது. விலங்கின் கண் தெளிவாக விழுந்தால் பாதிப் படம் தேறிவிட்டது.

தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்க்கவே கூடாது. பிள்ளையைச் சுவர் மேல் உட்கார வைத்து 'ஸ்மைல் பண்ணு' என்பதும் கூடாது. 2014 செப்டம்பரில் டெல்லி உயிரியல் பூங்காவில் வெள்ளைப்புலியின் அகழிக்குள் விழுந்த ஒரு வாலிபர் உயிரோடு மீளவில்லை. ஒரு படம் உயிரைவிடப் பெரிதா?

ஃபிலிம் ரோல் போட்ட காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம்தான். கழுவிப் பிரிண்ட் போடக் காசு ஆகுமே என்று பார்த்துப் பார்த்து எடுத்தோம். இப்போது செல்போனில் ஒரே நாளில் முந்நூறு படம் எடுத்து, முப்பதைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மா பத்தே படம் எடுக்கட்டும். ராத்திரி பிள்ளைகளை உட்கார வைத்து, 'இது என்ன செய்துகொண்டிருந்தது, ஞாபகம் இருக்கா?' என்று கேளுங்கள். சத்தம் போடாமல் நின்று பார்த்த பிள்ளை கட்டாயம் பதில் சொல்லும். அந்தப் பிள்ளை நாளைக்குத் தெரு நாயின் மேலும் கல்லெறியாது.

என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, குரோம்பேட்டை.