வெளியே ஒரு பிரதி

அமேஸானின் அரோரா கிளஸ்டரில் இயங்கிவரும் எங்கள் தரவுத்தளத்துக்கு, அந்நிறுவனத்தின் எல்லைக்கு வெளியே, எங்கள் சொந்தச் சர்வரில் உயிருள்ள பிரதி ஒன்று வேண்டும் என்று நான் இப்பத்தியில் பன்முறை வற்புறுத்தி வந்ததை வாசகர்கள் அறிவார்கள். அது இந்த வாரம் நிறைவேறிற்று. மூலத்துக்குப் பிரதி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் விநாடிக் கணக்கு படிப்படியாகத் தேய்ந்து பூஜ்யத்தில் வந்து நின்றபோது எனக்குண்டான ஆனந்தம் சாமான்யமானதன்று.

அரோராதான் ஒவ்வொரு தரவையும் மூன்று மண்டலங்களில் ஆறு பிரதிகளாகக் காக்கிறதே, ஏழாவது எதற்கு என்பார்கள். ஆறும் ஒரே அதிகாரத்தின் கீழ் இருப்பவை. தவறாக இட்ட அழிப்புக் கட்டளைக்கு ஆறும் கீழ்ப்படியும். 2024 மே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியமான யூனிசூப்பரின் கூகுள் கிளவுட் அமைப்பு ஒரு பிழையால் அழிந்தபோது, வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பிரதிகளும் மீட்புக்குத் துணைநின்றன.

பிரதியை அமைத்த விதம் இது: மாற்றங்களை வரிசையாகக் குறித்துவைக்கும், இயல்பாக அணைந்திருக்கும் பின்லாக் என்ற பதிவேட்டைப் பாராமீட்டர் குரூப்பில் இயக்கி, ரீபூட் செய்து, அதை எத்தனை மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்றும் வரையறுத்து (வரையறுக்காவிட்டால் வெளியிலுள்ள சர்வர் படிக்குமுன்பே அது நீக்கப்பட்டுவிடக்கூடும்), ஒரு ஸ்னாப்ஷாட்டைத் தனிக் கிளஸ்டராக எழுப்பி, அது எழும்போது அறிவிக்கும் லாக் கோப்பின் பெயரையும் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டு, அங்கிருந்து டம்ப் எடுத்து வெளியே ஏற்றி, குறித்த இடத்திலிருந்தே தொடரச் செய்தோம். அந்த இடம் பிசகினால் சில மாற்றங்கள் விடுபட்டுப்போகும், அல்லது இருமுறை வந்து மோதும்.

லாக் என்னும் இந்தப் பதிவேட்டைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம் சி. மோகனின் நினைவு வந்துவிடுகிறது. தமிழகத்தில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் ரசாயனப் பொறியியல் பயின்று, 1977-இல் அமெரிக்கா சென்று, ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அம்மேதை, சகாக்கள் நால்வருடன் 1992-இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ கட்டுரை, தரவுத்தளம் திடீரென்று விழுந்துவிட்டால் எவ்வாறு எழ வேண்டும் என்பதை வகுத்துக் காட்டிற்று. தரவு இருக்கும் பக்கத்தைத் திருத்திப் பதியுமுன் அத்திருத்தத்தைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும் என்பது அவருக்கு முன்பே வழக்கிலிருந்த விதி. விழுந்து எழுந்ததும் நடந்ததை ஆராய்ந்து, பிறகு வெற்றி பெற்றவை, பாதியில் நின்றவை என்ற பேதமின்றி வரலாற்றை அப்படியே மீண்டும் நிகழ்த்தி, அதன் பின்னரே பாதியில் நின்றவற்றைத் திரும்பப் பெறுவது என்ற துணிவான முறையே ஏரீஸின் சிறப்பு. திரும்பப் பெறுவதையும் பதிவேட்டில் எழுதுவதால், மீட்சியின் நடுவே மறுபடி விழுந்தாலும், ஏற்கெனவே திரும்பப் பெற்றதைத் தரவுத்தளம் மறுபடியும் திரும்பப் பெற வேண்டியதில்லை! இந்த அழகை எண்ணி வியக்காத நாளில்லை எனக்கு.

ஆனால் இவ்விரு பதிவேடுகளும் ஒன்றல்ல. பின்லாக் பிறருக்காக எழுதப்படுவது. மோகன் பேசியது தரவுத்தளம் தனக்கென்றே எழுதிக்கொள்ளும் பதிவேடு. அரோராவோ ஒருபடி மேலே போய், சேமிப்புக் கணினிகளுக்குப் பக்கங்களை அனுப்பாமல் அப்பதிவுகளை மட்டுமே அனுப்புகிறது. வங்கியில் நாம் போடும் பணம் மின்சாரம் போனாலும் காணாமற்போகாதிருப்பதற்கு இத்தகைய சிந்தனையே ஆதாரம். அப்படியிருக்க, கணினி பயிலும் நம் பிள்ளைகளில் மோகனின் பெயரை அறிந்தவர்களைக் காண்பது அரிதாக இருப்பது என் நெடுநாள் மனக்குறை. ஏரீஸ் கட்டுரை எழுபது பக்கத்துக்குச் சற்றுக் குறைவு. கோடை விடுமுறையில் அதை எடுக்கும் மாணவர்கள், திரும்பப் பெறுதலைப் பதியும் பகுதியை ஒரு தாளில் தரவுப் பக்கங்களையும் பதிவுகளின் எண்களையும் வரைந்துகொண்டு படிக்கட்டும். விளங்காத இடத்தை எனக்கு எழுதினால், வரும் வாரங்களில் இங்கேயே விளக்கம் தருகிறேன்.