நாதியற்ற நாய்க்கு நாமே நாதி

"மனிதனுக்கே வழியைக் காணோம், நாய்க்கு என்ன வந்தது?"

கொத்மலையில் இக்கேள்வியை நம்மிடம் கேளாதார் இல்லை. பூண்டுலோயாக் கடைத்தெருவில் கேட்டார்கள். இறம்பொடைச் சந்தியில் கேட்டார்கள். சம்பளம் பற்றிப் பேசக் கூடிய தொழிற்சங்கக் கூட்டமொன்றில், தெருவில் எறியப்படும் குட்டிகளைப் பொறுப்பேற்று வளர்ப்பது பற்றி இரண்டு வார்த்தை சொன்னோம் என்பதற்காக நம் தோழர்களே நகைத்தார்கள். நகைத்தவர்கள் பகைவரல்லர், நம்மவர்தாம். ஆதலால் அவர்களுக்கு விடை கூறுவது நம் கடமையாகிறது.

முதலில் அந்தக் கேள்வியின் பிறப்பை ஆராய்வோம். "எங்களுக்கே போதவில்லை, உங்களுக்கு எங்கே கொடுப்பது?" இது யாருடைய வாதம்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தோருடைய வாதமன்றோ! நாட்டின் மூத்த குடிகளுக்கே இடம் போதாதென்று கூறித்தானே மலையகத்து மக்களை நாடற்றோராக்கினார்கள்? இரக்கமும் உரிமையும் பானையில் அளந்து வைத்த அரிசியென்றும், ஒருவருக்கு ஒருபிடி வார்த்தால் மற்றவருக்கு ஒருபிடி குறையுமென்றும் நினைப்பவர் வாதம் அது. அவ்வாதத்தால் அடிபட்டவர்கள் நாம். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை, அரை நூற்றாண்டுக்கு மேல் அந்த அடியின் தழும்பைச் சுமந்தவர்கள் நாம். அதே வாதத்தை நம்மினும் எளிய உயிரின்மேல் நாமே வீசுவது நியாயமா?

1964ஆம் ஆண்டில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாட்டுப் பிரதமரும் எண்ணிப் பிரித்தார்கள். தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு, தலைமன்னார்க் கோச்சியைப் பிடிக்க லொறியேறியவர்களின் பின்னால் லயத்து நாய்கள் ஓடிவந்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மனிதருக்காவது கணக்கில் ஓர் எண் இருந்தது. நாய்க்கு அதுவும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலைகள் சரிந்தபோதும் நிலைமை வேறாகவில்லை. கட்டிய நாயை அவிழ்த்துவிடவும் அவகாசமின்றி உயிர்தப்பி ஓடியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மழை விட்டபின், மண் மூடிய வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், "நாய்க்கு என்ன வந்தது?" என்று கேட்க எவருக்கேனும் துணிவுண்டா?

இரக்கத்தை விடுவோம், கணக்கையே பார்ப்போம். பட்டணத்தில் வேண்டாத நாய் எங்கே போகிறது? இருட்டிய பின் வாகனத்தில் ஏற்றி வந்து, தேயிலை மலையின் முடக்கில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். பட்டணம் துப்புரவாகிறது, தோட்டம் குப்பைத் தொட்டியாகிறது. இறக்கிவிட்ட நாய் பிள்ளைக்காம்பராவையும் லயத்தையும் சுற்றுகிறது. ஆண்டுக்கு இருமுறை ஈனுகிறது. நாயிருக்கும் இடத்தை நாடிச் சிறுத்தை வருகிறது. சிறுத்தைக்கு அஞ்சிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் மலையேறத் தயங்குகிறார்கள். பன்றிக்கென்று வைத்த சுருக்குக் கம்பியில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணி, லக்சபான தோட்டப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தையொன்று அவ்வாறு மாட்டியது. உடவளவைக்குக் கொண்டு செல்லப்பட்டும் சில நாளில் மாண்டது. சிறுத்தை மாண்டால் வனவிலங்குச் சட்டம் தோட்டத்து வாசற்படிக்கு வருகிறது. நாயை இறக்கிவிட்டவனோ பட்டணத்தில் நிம்மதியாக உறங்குகிறான்! பொறுப்பில்லாத ஒருவன் செய்த வினைக்குக் கூலி கொடுப்பவன் தோட்டத் தொழிலாளி. 2024ஆம் ஆண்டில்தான் 1,350 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தைக் கண்ட தொழிலாளி!

"அப்படியானால் பிடித்துக் கொன்றுவிடுவதுதானே?" என்பார் உண்டு. கொன்று பார்த்த நாடுதான் இது. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டத்தின் துணையோடு நெடுங்காலம் கொன்றார்கள். அக்காலத்தில்தான், 1973ஆம் ஆண்டில், 377 பேர் நீர்வெறுப்பு நோயால் மாண்டார்கள். 2006ஆம் ஆண்டில் கொல்லாமைக் கொள்கையை அரசாங்கம் ஏற்றது. அதன் பின் மரணம் பெருகவில்லை, குறைந்தது. அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துகளுக்குள் அடங்கியிருக்கிறது. கடித்தபின் காலத்தோடு போட்ட ஊசியும், நாய்க்கு முன்கூட்டிப் போட்ட ஊசியும் காப்பாற்றிய உயிர்கள் அவை. நூற்றுக்கு எழுபது நாய்க்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவுவது அறுபடும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் கூறும் அளவு. ஊசி போட்ட நாயைக் கொன்றால், அல்லது வேறிடத்தில் கொண்டுபோய் விட்டால், காலியான இடத்துக்கு ஊசி போடாத நாய் வந்து சேரும். இதனை அறியப் பட்டம் வேண்டியதில்லை.

சட்டம் என்ன செய்தது? நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது; மிருகவதைத் தடைச் சட்டம் 1907இல் வந்தது. பின்னதன் உச்ச அபராதம் நூறு ரூபா! அன்று அது பெருந்தொகை. இன்று ஒரு வேளைச் சோற்றுக்கும் போதாது. புதிய விலங்கு நலச் சட்டமூலத்தைச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்தது. மந்திரிசபை 2016இல் அங்கீகரித்தது. அதன் பின்னும் அது ஆண்டாண்டாகப் பாராளுமன்ற வாசலில் படுத்துக் கிடந்தது, தெருநாயைப் போலவே.

தோட்டத்துக்கோ இன்னுமொரு தடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்டத்து மக்களுக்குச் சபையின் பணத்தைச் செலவிடுவதற்கு வேலி கட்டியிருந்தது. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அவ்வேலியை அகற்றியது. இனியும் "தோட்டம் கம்பனிக்குரியது, எங்களுக்கு அதிகாரமில்லை" என்று எந்தச் சபையும் கைவிரிக்க முடியாது. 2025 மே மாதத்தில் வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்தவர்களுக்குக் கருத்தடை முகாமுக்கு மட்டும் வழி தெரியாமற் போகுமா?

பிறரைக் குறை கூறிய நாம் நம்மையும் விசாரணைக் கூண்டில் ஏற்றுவோம். பெட்டைக் குட்டியென்றால் சாக்கிலே கட்டி ஓயாக்கரையில் எறிபவர் யார்? வைரவர் வாகனம் என்று கும்பிட்டுவிட்டு, அதே கோயில் வாசலில் படுத்ததைக் கல்லால் அடிப்பவர் யார்? விலை கொடுத்துச் சீமைநாய்க் குட்டி வாங்கி, வளர்ந்ததும் தீனி கட்டாதென்று துரத்துபவர் யார்? துரை பங்களாவில் நாய் மெத்தையில் கிடக்க, மனிதன் ஒழுகும் காம்பராவில் கிடந்தான் என்னும் பழங்கோபம் நமக்குண்டு. அது நேரிய கோபமே. ஆயினும் அக்கோபத்துக்கு உரியவன் துரை, லயத்துக் குட்டியன்று. நாயின்றிச் சுவர்க்கம் புகேன் என்று நின்ற தருமனின் கதையைக் கூத்திலே விடிய விடியக் கேட்டு என்ன பயன்?

செய்யத்தக்கது எளிது. கண்டியிலே 'கக்பாவ்' என்னும் சங்கமும், ஒட்டாரா குணவர்தன 2007இல் தொடங்கிய 'எம்பார்க்' இயக்கமும் வழி காட்டியிருக்கின்றன. மீட்ட நாய்க்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து, ஏற்ற வீட்டுக்கு ஒப்படைக்கலாம். வீடு அமையும்வரை சில வாரங்களுக்கு ஒரு குடும்பம் இடைக்காலக் காவலாக வைத்திருக்கலாம். காப்பகமே இல்லாத கொத்மலைக்கு இந்த இடைக்கால வளர்ப்பே பொருத்தமானது. கட்டடம் வேண்டாம்; காணி வேண்டாம். பத்து வீட்டுத் திண்ணையே காப்பகமாகும். பழைய சோறு நம்முடையது. ஊசியும் கருத்தடையும் பொதுப் பணத்தினுடையது. இப்பங்கீடு நேர்மையானது.

ஆகவே நாம் கோருவன இவை. கொத்மலைப் பிரதேச சபை, தோட்டந்தோறும் ஆண்டுக்கு இருமுறை தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் முகாமை நடத்த வேண்டும். தோட்ட நிருவாகங்கள் அதற்கு இடமும் வாகனமும் தர வேண்டும். பட்டணத்து நாயைத் தோட்டத்தில் இறக்குவோர்மீது வழக்குத் தொடர வேண்டும். இடர்கால வெளியேற்றத் திட்டத்தில் வளர்ப்பு விலங்குக்கும் இடம் வகுக்க வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் நகைப்பதை நிறுத்தி, மாவட்டக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். இவை ஐந்தும் அவர்களுடைய வேலை. நம்முடைய வேலை ஒன்றுண்டு: இவ்வாண்டு ஒவ்வொரு லயமும் ஒரு குட்டியை ஏற்றுக்கொள்ளட்டும்.

யாருக்கும் சொந்தமற்றவர்கள் என்று ஏட்டிலே எழுதப்பட்டவர்கள் நாம். வாசலில் நிற்பதைப் பார்த்து "இது யாருடையது?" என்று எவரேனும் கேட்டால், "எங்களுடையது" என்று சொல்ல நம்மைவிட உரிமையுடையார் இந்நாட்டில் வேறு யார்?