நோயாளிக்கும் ஒரு நாற்காலி!

மருந்து கொடுப்பவர் ஒருவர்; வாங்குபவர் ஆயிரம் பேர். கதவு எத்தனை மணிக்குத் திறப்பது, வரிசை எங்கே நிற்பது, எந்தக் கிழமையில் எந்த நோய்க்கு வருவது என்பதையெல்லாம் அந்த ஒருவரோ, அவருக்கும் மேலே தலைநகரில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் இன்னொருவரோ முடிவு செய்கிறார். ஆயிரம் பேரும் தலையாட்டிக்கொள்கிறோம். வைத்தியம் என்றால் இப்படித்தான், அதில் பாமரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் நம் அணியிலேயே உண்டு. அவர்களுக்காகவே இன்று ஓர் ஊரின் கதையைச் சொல்ல விரும்புகிறோம்.

திரெடிகர் என்பது அந்த ஊரின் பெயர். பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். இரும்பாலையும் நிலக்கரிச் சுரங்கமும்தான் அங்கே சோறு போட்டவை. தீராத இருமலையும் நசுங்கிய விரல்களையும் தந்தவையும் அவையே. அந்தப் பள்ளத்தாக்குகளில் முன்னாளில் இருந்த நடைமுறை என்ன தெரியுமா? தொழிலாளியின் கூலியிலிருந்து வைத்தியச் செலவென்று முதலாளி பிடித்துக்கொள்வான். வைத்தியரை நியமிப்பவனும் அவனே! காசு இவனுடையது, டாக்டர் அவனுடையவர். அடிபட்டவன் மறுபடி சுரங்கத்தில் இறங்கத் தகுதியுள்ளவனா என்று சொல்ல வேண்டியவரும் அந்த டாக்டர்தான் என்றால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தொழிலாளத் தோழர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிடித்தம் எங்கள் பணம், ஆகவே டாக்டரை நாங்களே அமர்த்துவோம் என்று கிளம்பினார்கள் தொழிலாளர்கள். அப்படி எழுந்த சங்கங்களில் பேர் பெற்றது திரெடிகர் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம். சம்பளத்தில் பவுனுக்கு 3 பென்னி சந்தா. அந்நாளில் ஒரு பவுனுக்கு 240 பென்னி; ஆக, எண்பதில் ஒரு பங்கு. அந்த எண்பதில் ஒரு பங்குக்கு டாக்டர் வந்தார், மருந்து வந்தது, ஆஸ்பத்திரிப் படுக்கை கிடைத்தது, பல் வைத்தியம் நடந்தது, மூக்குக் கண்ணாடியும் கிடைத்தது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, அவன் வீட்டாருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சங்கத்தை நடத்திய கமிட்டியைத் தேர்ந்தெடுத்தவர்கள் சந்தா கட்டியவர்கள். டாக்டருக்குச் சம்பளம் கொடுத்ததும், டாக்டரைப் பற்றிய புகாரைக் கேட்டதும் அந்தக் கமிட்டிதான். கரி படிந்த கை நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்டது!

எல்லாம் பொன்னாக இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. ஏ. ஜே. குரோனின் என்ற டாக்டர் 1920-களின் தொடக்கத்தில் அந்தச் சங்கத்தில் வேலை பார்த்தவர். பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ் பெற்றார். 1937-ல் வெளிவந்த அவருடைய ‘சிட்டடல்’ நாவலில் இப்படிப்பட்ட ஒரு கமிட்டி வருகிறது. வேலைக்குப் போகாமலிருக்கச் சான்றிதழ் கேட்டு மிரட்டும் ஆள் வருகிறான். டாக்டரைக் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்கும் கூட்டமும் வருகிறது. கமிட்டி என்றாலே சில டாக்டர்கள் முகம் சுளிப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதை ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

அதே திரெடிகரில் 1897-ல் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, சிறுவனாகவே சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். ஊர் மருத்துவமனைக் கமிட்டியில் அமர்ந்து பழகியவர். 1945-ல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் சுகாதார மந்திரியானார். 1948 ஜூலை 5 அன்று பிரிட்டன் முழுவதற்கும் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் இருந்ததை நாடெங்கும் விரிக்கிறேன், அவ்வளவுதான் என்ற பொருள்படப் பெருமையோடு பேசினார்.

ஆனால் தோழர்களே, முழுவதையும் விரித்தாரா?

டாக்டர்களின் சங்கம் மூர்க்கமாக எதிர்த்தது. 1948 பிப்ரவரியில் அவர்களிடையே எடுத்த வாக்கெடுப்பில் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் எதிர்ப்பு! சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியராக இருக்கமாட்டோம், உள்ளூர்க்காரர்களின் கமிட்டிக்குக் கீழே நிற்கமாட்டோம் என்பது அவர்கள் பிடிவாதம். பெவன் விட்டுக்கொடுத்தார். குடும்ப டாக்டர்கள் சர்க்காரோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுயேச்சைக்காரர்களாகவே நீடித்தார்கள். நோயாளிக்கு மருந்து இலவசம், பரிசோதனை இலவசம். கோடிக்கணக்கான ஏழைகளின் வீட்டில் விளக்கேற்றிய காரியம் அது. அதைக் குறைத்துப் பேசுகிறவன் நன்றி கெட்டவன். ஆனால் திரெடிகர்த் தொழிலாளி கமிட்டியில் போட்டு அமர்ந்திருந்த நாற்காலி இருக்கிறதே, அதை மட்டும் அந்த ஜூலை மாதத்தில் யாரோ சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெவன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களிடம் நாம் வாதாடப் போவதில்லை. டாக்டரே இல்லாத திட்டத்தை வைத்துக்கொண்டு யாருக்கு வைத்தியம் பார்ப்பது? ஆயினும் விலை விலைதான்.

அந்த விலை எவ்வளவு என்பது இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் தெரிந்தது. கிளின்கோரக் என்ற சிறு சுரங்க ஊரில் 1961 முதல் டாக்டராக இருந்தவர் ஜூலியன் டியூடர் ஹார்ட். பொதுவுடைமைக் கட்சியின் சார்பில் தேர்தலிலும் நின்றவர். மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது, சந்தையின் கை ஓங்க ஓங்க இந்தக் கோணல் பெருகுகிறது என்று 1971-ல் எழுதி, டாக்டர் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். எழுதியதோடு நிற்கவில்லை. நோய் வந்தவன் வரட்டும் என்று காத்திராமல், ஊரிலிருந்த வயது வந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்தார். வராதவர்களைத் தேடிப் பிடித்தார். நோயாளி என்பவன் வெறுமே மருந்து வாங்கிப் போகிறவன் அல்லன், ஆரோக்கியத்தை டாக்டரோடு சேர்ந்து உற்பத்தி செய்யும் கூட்டாளி என்பது அவர் கொள்கை. இருபத்தைந்து ஆண்டு உழைப்பின் கணக்கைப் பார்த்தபோது, பக்கத்து ஊரைவிட அவ்வூரில் அகால மரணம் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. அதே கரி, அதே வறுமை, அதே மலைக்காற்று. வேறுபட்டது வைத்தியம் நடந்த விதம்! அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வேலைக்கு வர உள்நாட்டு டாக்டர்கள் தயங்கியபோது அங்கே போய் நின்றவர்களில் இந்தியத் துணைக்கண்டத்து மருத்துவக் கல்லூரிகளில் படித்தவர்கள் ஏராளம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

எடுத்துக்கொண்டு போன நாற்காலி மெல்லத் திரும்பி வரத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். 1972-ல் இங்கிலாந்தில் பெரின்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் பீட்டர் பிரிட்சர்ட் என்ற டாக்டர், தம்மிடம் வரும் நோயாளிகளையே கூட்டி ஒரு குழு அமைத்தார். எங்கள் நிலையத்தில் எது சரியில்லை, நீங்களே சொல்லுங்கள் என்றார். பிற ஊர்களிலும் அப்படிக் குழுக்கள் தோன்றின. 2015 முதல் இங்கிலாந்தில் ஒவ்வொரு குடும்ப டாக்டர் நிலையத்திலும் நோயாளர் பங்கேற்புக் குழு இருந்தே தீர வேண்டும் என்பது ஒப்பந்த விதி.

இந்தக் குழுவில் என்ன பேசுகிறார்கள்? நாடாளும் விஷயமா? இல்லை. காலை 8 மணிக்கு டெலிபோன் திறக்கிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுகிறார்கள். எட்டரைக்கு இன்று இடமில்லை என்கிறார்கள். தொழிற்சாலைக்கு ஏழு மணிக்கே போய்விட்டவன் எப்படிக் கூப்பிடுவான்? இதுதான் பேச்சு. சக்கர நாற்காலிக்காரர் வாசற்படி ஏற முடியவில்லை. முன்மேசையில் இருப்பவர் உன் நோய் என்ன என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்கிறார். காது கேளாதவர் தம் பெயரைக் கூப்பிட்டது தெரியாமல் மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார். சின்ன விஷயங்கள்! ஆனால் மாத்திரை வீட்டுக்கு வருவதும் வராமல் போவதும் இந்தச் சின்ன விஷயங்களில்தான் தொங்குகிறது. படித்த டாக்டருக்கு இவை தெரியாததற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. அவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். வரிசையின் கடைசியில் அவர் ஒரு நாளும் நின்றதில்லை.

இதிலும் பித்தலாட்டம் உண்டு. விதி இருக்கிறதே என்பதற்காகக் குழு என்று ஒரு பெயர்ப் பலகை; ஆண்டுக்கு இரண்டு முறை தேநீரும் பிஸ்கட்டும்; சுவரில் ஒரு நன்றி அறிவிப்பு. கூட்டம் நடப்பதோ வேலை நேரத்தில்! வருகிறவர்கள் யார்? ஓய்வு பெற்றவர்கள், ஒழிந்த நேரமுள்ளவர்கள். இரவு ஷிப்ட் முடித்தவனும், மூன்று குழந்தைகளின் தாயும், மொழி சரியாக வராத குடியேறியும் வருவதில்லை. தேவை மிகுந்தவன் குரல் அங்கும் குறைவாகவே கேட்கிறது. பண விஷயத்தில் இந்தக் குழுவுக்கு அதிகாரமும் இல்லை. திரெடிகர்க் கமிட்டி யானை என்றால் இது யானைப் பொம்மை என்று சிலர் கேலி செய்கிறார்கள். பாதி சரி. ஆனால் நாற்காலியில் உட்காராமலே அது உறுதியான நாற்காலியா என்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருப்பவர்களை நமக்குப் பிடிப்பதில்லை.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

பெவன் தம் மசோதாவைச் சட்டமாக்கிய அதே 1946-ல் இங்கே போர் கமிட்டி அறிக்கை வெளிவந்தது. நம் சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதன் அங்கத்தினர்களில் ஒருவர். ஊர்தோறும் ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட கிராம சுகாதாரக் கமிட்டி அமைக்க வேண்டும், மக்கள் கலந்துகொள்ளாத சுகாதாரத் திட்டம் உருப்படாது என்று அந்த அறிக்கை சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற கருத்தும் அந்த அறிக்கையில் பிறந்ததுதான். கட்டடம் வந்தது, கமிட்டி காகிதத்தில் தங்கிவிட்டது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அந்தப் பழைய யோசனைக்கு மீண்டும் உயிர் வந்தது. நிலையத்துக்கு ஒரு நோயாளர் நலச் சங்கம், கிராமத்துக்கு ஒரு சுகாதாரக் குழு என்று ஏற்பாடு. உள்ளூர்த் தேவைக்கு உள்ளூரிலேயே முடிவு செய்து செலவிட நிதியும் உண்டு. குழாய் உடைந்தால், கழிப்பறைக் கதவு பெயர்ந்தால், கர்ப்பிணிகள் உட்காரப் பெஞ்சு இல்லையென்றால் மேலதிகாரியின் உத்தரவுக்காகத் தவம் கிடக்க வேண்டாம் என்பதற்காகவே அந்தப் பணம்.

தோழரே, உங்கள் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் நோயாளர் நலச் சங்கத்தில் யார் யார் அங்கத்தினர்? சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்! சொல்ல முடிகிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதை நாம் அச்சில் ஏற்றப் போவதில்லை. சினிமா நடிகர் மன்றத்தின் செயலாளர் பெயர் தெரிந்த ஊரில் இது தெரியவில்லை!

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. நாற்காலி கேட்பது டாக்டரை அதட்டுவதற்கு அல்ல. இரவில் தனியாகப் பிரசவம் பார்க்கும் நர்ஸ் அம்மையாரிடம் போய்த் துண்டை உதறிக் காட்டுகிறவன் நம் ஆளாக இருந்தால், அவனை முதலில் வெளியே அனுப்புங்கள். பொய்ச் சான்றிதழ் வாங்கித் தருவதற்கும், வெள்ளையடிக்கும் கான்ட்ராக்டைத் தம் மைத்துனருக்குப் பிடித்துக் கொடுப்பதற்கும் சங்கத்தில் நுழைகிறவன் குரோனின் நாவலில் வரும் ஆளைத்தான் மறுபடி மேடையேற்றுகிறான். நோயாளிக்கு நாற்காலி எதற்கு என்று கேட்பவர்களின் வாய்க்கு அவல் போடுகிறான். அங்கே போக வேண்டியவர் கட்சியில் பெரிய பதவிக்காரர் என்ற அவசியமில்லை. மாதந்தோறும் சர்க்கரை மாத்திரை வாங்கப் போகும் பாட்டாளி, பேறுகாலப் பரிசோதனைக்கு நடந்து போய் வந்த தாய், ஷிப்ட் முடிந்து கதவு சாத்தியதைப் பார்த்துத் திரும்பிய செங்கல் சூளைத் தொழிலாளி ஆகியோர் போகட்டும். காலிக் கூடத்தில் பகல் பதினோரு மணிக்குக் கூட்டம் போடாமல், இவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வைக்கச் சொல்லுங்கள்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். போகும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கொண்டு போங்கள். நோயாளர் நலச் சங்கத்தின் அங்கத்தினர்கள் யார்? சென்ற ஆண்டு எத்தனை முறை கூடினார்கள்? வந்த பணம் எவ்வளவு, போனது எதற்கு? பதிலை நிலையத்தின் வாசலில், எழுத்துக்கூட்டிப் படிப்பவனும் படிக்கும் அளவு பெரிய எழுத்தில், பலகையாக மாட்டச் சொல்லித் தீர்மானம் கொடுங்கள். பார்ப்போம், ஆவன செய்வோம் என்பார்கள். தீர்மானப் புத்தகத்தில் அது எழுதப்பட்டு, கீழே கையெழுத்து விழும் வரை பாயை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.